பாப்பா காத்திருந்த நாட்கள்

பழைய விளையாட்டுகளைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பது என் தொழில். வீம்புக்குச் செய்கிற தொழில் என்பாள் என் மனைவி. வாஸ்தவம்தான். புது மெஷினுக்கும் பழைய சிஸ்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டையும் சமாதானப்படுத்தி ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்த வைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம் டெய்லர் வீட்டோடு போயிற்று.

மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். மாடிப்படியிலேயே தையல் மெஷின் எண்ணெய் வாசனை. டெய்லர் கழுத்தில் டேப்போடு கதவைத் திறந்தார். முகத்தில் நான்கு நாள் தாடி. அவருடைய பழைய கம்ப்யூட்டர் செத்தும் நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. போர்டுதான் போச்சு. புதுப் பெட்டியில மாட்டிடலாம்," என்றேன்.

"எப்படியாவது ஓட வெச்சிடுங்க சார். பாப்பா காத்துக்கிட்டிருப்பா."

உள்ளறைச் சுவரில் ஒன்பது வயதுப் பெண்ணின் படம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்ட மகள். துக்கம் மனுஷனை என்னவெல்லாம் பேச வைக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

ஐந்து முறை மக்கர் பண்ணிய பழைய சிஸ்டம், சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஆறாவது முறை தன் வரவேற்பு இசையோடு எழுந்தது. டெய்லர் அழுதேவிட்டார்.

விளையாட்டு இரண்டு பேர் ஆடுவது. ஒருவர் வெளியே விசையை மிதித்துக்கொண்டு நின்றால்தான் கோட்டைக் கதவு திறக்கும், மற்றவர் உள்ளே போகலாம். சிவப்புத் தொப்பிக்காரன் டெய்லர். மஞ்சள் பாவாடைக்காரி பாப்பா. விளையாட்டில் பத்து நிமிஷம் போனால் ஒரு நாள். மூலையில் நாள் எண்ணிக்கை 1204.

கீபோர்டின் வலது பக்கம் டெய்லரின் விரல்கள். இடது பக்கம் காலி நாற்காலி.

இடது பக்கத்துப் பட்டன்கள் தானாக இறங்கின.

மஞ்சள் பாவாடைக்காரி துள்ளினாள்.

"வந்துட்டா," என்று டெய்லர் கிசுகிசுத்தார்.

ஆனால் இரண்டு உருவங்களும் கண்மூடித்தனமான வேகத்தில் சுவரில் மோதி விழுந்தன. மறுபடி எழுந்தன, மறுபடி மோதின. அந்தக் காலத்து விளையாட்டு ப்ராசஸரின் வேகத்தைத்தான் கடிகாரமாக வைத்துக்கொள்ளும். புது ப்ராசஸரில் முந்நூறு மடங்கு பறந்தது. மூலையில் நாள் எண் இரண்டு நொடிக்கொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகத்தைக் கட்டிப்போட ஒரு சின்ன புரோகிராம் உண்டு, அது கடையில் இருந்தது. எனக்கோ அந்த அறையை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தது.

"காலையில கொண்டுவந்து போடறேன்."

"அப்போ அணைக்காதீங்க சார். நாலு நாளா இருட்டுல இருந்திருக்கா."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டல்தான் நான் செய்த பாவம்.

காலை ஒன்பது மணிக்குப் புரோகிராமைப் போட்டேன். வேகம் அடங்கியது. மூலையில் எண் 28,204.

டெய்லர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"எழுபத்து நாலு வருஷம்... தனியாவா நின்னுருக்கா?"



கதவோரம் நின்றிருந்த மஞ்சள் பாவாடைக்காரியின் உருவம் அதேதான். நடைதான் மாறியிருந்தது. இரண்டடி, ஒரு நிறுத்தம். இரண்டடி, ஒரு நிறுத்தம். இடது பக்கத்துப் பட்டன்கள் நடுங்கி நடுங்கி இறங்கின.

"பாப்பா, அப்பாதான்டா. தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சிரும்மா."

அவள் மெல்லப் போய் விசையை மிதித்தாள். கதவு திறந்தது.

"மறக்கல சார்! என்னை மறக்கல!" டெய்லர் சிரித்துக்கொண்டே தொப்பிக்காரனை உள்ளே நடத்தினார்.

அவள் விசையை விட்டு இறங்கினாள்.

கதவு மூடிக்கொண்டது. வெளியிலிருந்து யாராவது மிதித்தாலொழிய இனி அது திறக்காது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டடி, ஒரு நிறுத்தம் என்று திரையின் விளிம்பு வரை போய் மறைந்தாள்.

பட்டன்கள் ஓய்ந்தன.

காலி நாற்காலி கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது.

ரொம்ப நாள் படுக்கையில் கிடந்த கிழவியின் வாசனை, தைலமும் மக்கிய துணியுமாக, என் தோளை உரசிக்கொண்டு போனது. கால்கள் தரையில் தேய்ந்தன. வாசல் தாழ்ப்பாள் விலகியது.

டெய்லர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் தொப்பிக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

"வருவா. அவ காத்திருந்த மாதிரி நானும் காத்திருக்கேன்," என்றார். "கிளம்பிட்டீங்களா சார்? கதவைச் சாத்திட்டுப் போங்க."

நான் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.