நீல ட்ரம்மில் பதினான்கு நாள்

ஐந்தாம் நாள் மதியம் எட்டிப் பார்த்தபோது, குளியலறை ட்ரம்மிலிருந்த அறுபது நியான் மீன்களும் சுவரைப் பார்த்தபடி ஒரே பக்கமாக அசையாமல் நின்றன. வண்ணமீன் கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. புது மீன் சிதறி ஓடும், பதுங்கும். இப்படி வரிசை கட்டி நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் கட்டில் இருந்தது.

புது மீனைப் பதினான்கு நாள் தனியே வைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே கடைத் தொட்டியில் விடவேண்டும். போன முறை அதைச் செய்யாததால் பாதிக் கடை செத்து மிதந்தது. தனித் தொட்டி வாங்க வசதியில்லை. குளியலறை நீல ட்ரம், பழைய தொட்டியின் ஸ்பான்ஜ், ஒரு ஏர் மோட்டார், கைப்பிடி உப்பு, ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி, இவ்வளவில் காரியத்தை முடித்துவிட்டதாக மார்தட்டிக்கொண்டார். அது பிள்ளை குளிக்கிற ட்ரம் என்று மனைவி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் மகள் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். டாக்டர் வேர்க்குரு என்றார். கடைக்காரருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. வெள்ளைப்புள்ளி நோய் கண்ட மீன் முதலில் இரை எடுக்காது, பிறகு உடம்பை உரசும், பிறகு மேலே வந்து வாயைத் திறக்கும். வாடிக்கையாளர்களிடம் அவர் தினமும் ஒப்பிப்பதுதான். ட்ரம்மில் ஒரு மீனுக்கும் ஒன்றுமில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எட்டாம் நாள் மதியம் கட்டில் காலியாக இருந்தது. தலையணை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரக் காலடிகள் குளியலறைக்குப் போயின. உள்ளே இருட்டு, பாசி வாடை. மோட்டார் நின்றிருந்தது. குமிழிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கதவைச் சாத்தி, ஜன்னல் துணியை இழுத்தார்.

கழுத்துவரை தண்ணீரில் மகள். முகம் மேலே. வாய் திறந்தது. மூடியது. திறந்தது. தோளெல்லாம் உப்புக்கல் போல வெள்ளைப் புள்ளிகள்.

வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்தார். துடித்தாள். உதடு கறுத்தது. மூச்சு திணறியது.

“உள்ள விட்டுடுப்பா.”

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அழுதுகொண்டே தண்ணீரில் விட்டார். உதட்டில் நிறம் திரும்பியது. அவள் காதுக்குக் கீழே ஏதோ மெல்லத் திறந்து மூடியது.

கதவு தட்டப்பட்டது.

“குட்டி உள்ள இருக்காளா?” மனைவியின் குரல்.

சத்தம் வந்த பக்கமாக அறுபது மீன்களும் திரும்பின. மகளும் திரும்பினாள்.