காற்றில் ஒரு வளைவு

கல்லை அகற்றிய பின்னும் எறும்புகள் சிறிது நேரம் அந்த இடத்தைச் சுற்றியே போகும். அவற்றின் மடமையைப் பார்த்து நாம் சிரிப்போம். நெரிடாவும் முதல் நாள் அப்படித்தான் சிரித்தாள்.

டாண்டினாங் நகரில் இருந்த அந்தப் பட்டறைக்கு அவள் இயந்திர நிரல் எழுதும் வேலைக்கு வந்த திங்கட்கிழமை காலையில், தகரக் கூரை பிப்ரவரி வெயிலில் முறுகி ஒலித்துக்கொண்டிருந்தது. உலோகம் கடையும் ஐந்தச்சு இயந்திரத்தை ஓட்டும் கோரான், ஆறடிக்கும் மேற்பட்ட உயரத்தோடு அதன் கதவருகே நின்றார்.

"படிச்ச புள்ள வந்தாச்சு. இனிமே மெஷினே காபி போட்டுக் குடுக்கும்."

"காபி அப்புறம். முதல்ல மூணு நிமிஷம் குறைக்கணும்."

டைட்டானியத்தில் இருபத்து மூன்று இதழ்கள் கொண்ட சுழலி அது. கடைந்து முடிக்க நாற்பத்தொரு நிமிடம் பிடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது முப்பத்தெட்டாகாவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். பட்டறையின் பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கட்டர் செல்லும் பாதையைத் திரையில் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வோர் இதழை முடித்ததும் கட்டர் மேலெழுந்து, ஒன்றுமே இல்லாத காற்றில் அரைவட்டமாகச் சுற்றி, அடுத்த இதழில் இறங்கியது. ஒரு வளைவுக்கு எட்டு விநாடி.

"இதை யாரு எழுதினது?"

கோரான் குரலைத் தாழ்த்தினார். "யாரும் எழுதல. உனக்கு முன்னாடி இங்க விளாட்கோன்னு ஒருத்தன் இருந்தான். மெஷின் ஓடும்போது கதவைத் திறக்க விடாத பூட்டு இருக்கே, அதை ஏமாத்துற சாவியைப் போட்டு, ஓடிட்டு இருக்கும்போதே தலையை உள்ள நீட்டினான். அவனை அடக்கம் பண்ணின மறுநாள் இந்த வளைவு கோப்புல இருந்துச்சு."

"துக்கத்துல யாராவது எழுதியிருப்பாங்க."

வளைவுகள் அனைத்தையும் அழித்து, நேர்வழியாக மாற்றினாள். மோதல் எதுவுமில்லை என்றது கணினி.

செவ்வாய் நண்பகலில் ஓட்டினார்கள். முதல் இதழ் முடிந்தது. கட்டர் மேலெழுந்து காற்றை நேராகக் கடந்தது.

ஒலி மாறியது.

உலோகத்தின் கீச்சொலி அல்ல அது. ஈரமான, கனத்த முனகல்.

கட்டரின் சுமையைக் காட்டும் பச்சைக் கோடு, வெறுங்காற்றில் ஏறியது.

பல் மருத்துவர் துளையிடும்போது வாய்க்குள் எழுமே, அந்தக் கருகல் வாடை கதவிடுக்கில் மெல்லக் கசிந்தது.

"நிறுத்து," என்று கிசுகிசுத்தார் கோரான்.

அவள் நிறுத்தவில்லை. பதினோரு பேரின் பிழைப்பு அவள் கண்முன் நின்றது. "எதை வெட்டுதுன்னு பாக்கணும். அந்தச் சாவியைக் குடுங்க. ஒரே நிமிஷம்."

"அவனும் இதையேதான் சொன்னான்."

கோரான் சிவப்புப் பொத்தானை அடித்தார். ஓட்டம் அடங்கிய பின் கதவைத் திறந்தார்கள். டைட்டானியச் சுருள்களின் மேல், மாவு போல வெள்ளைத் தூள் படிந்திருந்தது.

கல் இன்னும் அங்கேயே இருப்பது எறும்புகளுக்குத் தெரியும் போலும்.

"வேலை போனாப் போகட்டும், விட்டுரு," என்றார் கோரான். புதன்கிழமை அவள் எல்லா வளைவுகளையும் திரும்பச் சேர்த்தாள். மீண்டும் நாற்பத்தொரு நிமிடம்.

வியாழன் காலை கோப்பைத் திறந்தபோது நாற்பத்து நான்கு காட்டியது.

யாரும் அதைத் தொடவில்லை. ஆயினும், ஒவ்வோர் இதழுக்குப் பின்னும் இப்போது இரண்டு வளைவுகள் இருந்தன.

நின்றிருந்த இயந்திரத்தின் முன் கோரான் அளவு நாடாவைப் பிடித்தார். இரண்டாவது வளைவு சுற்றிச் சென்ற வெற்றிடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தரையிலிருந்து அளந்தார்கள்.

கோரானுக்கு அது மார்பளவு.

நெரிடாவுக்கு நெற்றி.