அடித்தட்டு

பினாயில் ஊற்றிக் கழுவக் கழுவ, கப்பலின் அடித்தட்டிலிருந்து வேர்வை வாடை கூடிக்கொண்டே வந்தது. ஓமானின் சலாலா கடற்கரையில் கரையேற்றி, ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்த பழைய மரக்கப்பல் அது. ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்தது என்று விற்றவரே சொல்லியிருந்தார். மேனேஜர் சேதுமாதவன் சிரித்தான். வரலாறு என்பது அவனுக்கு மெனு கார்டின் பின்பக்கம் அச்சடிப்பது.

"அடிமைக் கப்பல்னா எவன் சாப்பிட வருவான்? முத்துக் கப்பல்னு போர்டு எழுது."

திறப்பு விழா அன்று மதியம், ஏசி குழாய் மாட்டக் கீழே போன அன்பரசன் பாதியிலேயே ஏறி வந்துவிட்டான்.

"சார், கீழ ஆளுங்க படுத்திருக்காங்க. கால் வைக்க எடமில்ல."

"மாடு மாதிரி வேலை செய்யக் கூட்டிட்டு வந்தா, மனுஷன் மாதிரி பயப்படுறியா? உன் பாஸ்போர்ட் விசா குடுத்த கபீல்கிட்ட இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

அன்பரசன் அசையவில்லை. சாயங்காலம் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். சேதுமாதவன் டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கைச் சுளித்தபடி தானே ஏணியில் இறங்கினான்.

நிமிர்ந்து உட்காரக்கூட உயரமில்லை. தவழ்ந்தான். மேலே கரீப் பருவமழையின் சாரல் பலகைகளில் ஓயாமல் சலசலக்க, கீழே நூறு பேரை அடைத்துவைத்த அறையைப் போலப் புழுங்கிக் கிடந்தது. மூத்திரமும் வாந்தியும் அழுகிய பேரீச்சையும் கலந்த நாற்றம் நாக்கில் வந்து ஒட்டியது. செல்போன் வெளிச்சத்தில் வெறும் பலகைதான் தெரிந்தது.

"சோம்பேறி நாய்" என்று முணுமுணுத்தபடி முன்னால் கை ஊன்றினான்.

பலகை இல்லை. வயிறு. ஒட்டிப்போன மனித வயிறு. அது ஏறி இறங்கியது.

கையை இழுத்தான். தள்ளி ஊன்றினான். ஒரு முழங்கால். ஈரமான தலைமுடி. கண்ணுக்கு இன்னும் வெறும் பலகை.

"அன்பு! டேய், வெளிச்சம் அடிடா! கையக் குடு!"

ஏணி வாயிலிருந்து அன்பரசனின் குரல் வந்தது. "இத்தன பேர்ல நீங்க யாருன்னு தெரியலயே, சார்!"

போன் அணைந்தது.

இருட்டில் யாரோ முனகினார்கள். ஒருவர் புரண்டால் எல்லோரும் புரண்டாக வேண்டிய நெருக்கம். வரிசை முழுவதும் புரண்டது. அவனுக்கு இடம் விட்டது. ஓர் உடம்பு அகலம். அவ்வளவுதான்.

முன்னால் எலும்பு. பின்னால் எலும்பு. கத்த வாய் திறந்தான். காற்றில்லை.

எதிரே ஒரு முகம் அவன் முகத்தோடு ஒட்டியது. வெடித்த உதடுகள். கடிக்கவில்லை. அவன் நெற்றியில் வழிந்த வேர்வையை, தாகத்தோடு, மெல்ல நக்கியது.

பிடரியில் இன்னொரு நாக்கு பட்டது.