பதினொன்றாம் பிளாக்கின் பச்சை

பதினொன்றாம் பிளாக் அன்றும் பச்சையாகவே இருந்தது. வாசல் திரையில் அதன் நிழலுரு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. தூண், சுவர், தண்ணீர்த்தொட்டி எல்லாமே பச்சை. அமலோற்பவம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறைக் கூரையிலிருந்து உதிர்ந்த காரையை வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள். அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

நகரத்தில் எந்தக் கட்டடத்தையும் இப்போது மனிதர் வந்து பார்ப்பதில்லை. வீட்டுக்கொரு உணர்பொட்டு சுவரில் ஒட்டியிருக்கும். நடுக்கம், ஈரம், பாரம் மூன்றையும் அது அளந்து அனுப்பும். அதை வைத்து வீட்டுவசதி வாரியத்துக் கணினியில் கட்டடத்தின் நிழலுரு வாழும். நிழலுரு சிவந்தால் செப்பனிட இயந்திரங்கள் வரும் என்பது சட்டம். ஆனால் சிவந்த கட்டடத்தை முதலில் காலி செய்யவேண்டும். எதிரே ஒன்பதாம் பிளாக் சிவந்தபோது வெளியேறியவர்கள் இன்னும் தகரக் கொட்டகையில்தான் கிடக்கிறார்கள்.

அந்தக் கதி தனக்கு வேண்டாமென்று, அமலோற்பவம் தன் வீட்டுப் பொட்டைத் தோசைக்கரண்டியால் நெம்பி எடுத்து, லிஃப்டை ஒட்டிய தூணின் பின்புறம் ஒட்டிவிட்டாள். கட்டடத்தில் உருப்படியான தூண் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கடல் மணலில் கட்டியது. பொட்டுக்குத் தன் வீட்டு எண் தெரியும், தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. ஒரு பொட்டு இடம் மாறினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

புயல் எச்சரிக்கை வந்த மதியம் வாரிய அலுவலர் திருமாறன் இரண்டு பேருந்துகளோடு வந்து இறங்கினார். கரையோரத்து ஜனங்களை எங்கே தங்கவைப்பது என்று எல்லா நிழலுருக்களையும் ஒப்பிட்டார்களாம். இந்தப் பக்கத்திலேயே உறுதியான கட்டடம் இதுதான் என்று வந்ததாம். தளத்துக்கு நூறு பேர், நடைபாதையில் படுத்துக்கொள்ளலாம் என்றார்.

அமலோற்பவம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், இது தாங்காது. எங்க வூட்டுப் பொட்டை நான்தான் பேத்து லிஃப்ட் தூண்ல ஒட்டினேன். வந்து பாருங்க."

அன்று காலையிலிருந்து எட்டுக் கட்டடங்களில் சாக்குப்போக்கு கேட்டு ஓய்ந்துபோயிருந்தார் திருமாறன். "இடம் குடுக்க மனசில்லேன்னா நேரா சொல்லுங்கம்மா. போய்ப் பாக்கறது என் வேலை இல்ல. அதுக்குத்தான் நிழலுரு இருக்கு."

அவள் தூணுக்கு ஓடினாள். தன் பொட்டைத் தேடியவள் அப்படியே நின்றுவிட்டாள். தூணின் பின்புறம் முழுக்க மீன் செதில் போல உணர்பொட்டுகள். ஏறக்குறைய எல்லா வீடும் அங்கே இருந்தது. ஐந்தாம் மாடி நசீமா, கையில் தோசைக்கரண்டியோடு பின்னால் வந்து நின்றாள்.

"நீயுமாக்கா?" என்றாள் நசீமா. அவள் கரண்டியால் இருவரும் பொட்டுகளை நெம்பினார்கள்.

பெரும்பாலானவை பசையில் இறுகிக் கிடந்தன. கையோடு வந்த இரண்டை எடுத்துப்போய், விரிசல் விட்ட சுவரில் ஒட்டினார்கள். திரையில் இரண்டு புள்ளிகள் சிவந்தன. அடுத்த நொடி எழுத்து ஓடியது: 'மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. இவ்விரு பொட்டுகளும் பழுது. கணக்கில் சேரா.' திரை மீண்டும் பச்சையானது.

அதற்குள் இரண்டு பேருந்து ஜனமும் படியேறிவிட்டது. அமலோற்பவம் தன் கணவரையும் மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். பிறகு மேல்வீடு, அதற்கு மேல்வீடு. ஏன் போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. குடியிருந்தவர்கள் மொத்தமும் தெருவில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

திரையில் எழுத்து ஓடியது: 'பாரம் குறைந்துள்ளது. மேலும் நானூறு பேருக்கு இடம் உண்டு.'

திருமாறன் மூன்றாவது பேருந்தைக் கைகாட்டி அழைத்தார்.

அமலோற்பவம் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்தாள். உள்ளே போகாதீர்கள், விழுந்துவிடும் என்று தொண்டை கிழியக் கத்தினாள். பேருந்திலிருந்து முதலில் இறங்கியவளுக்கு ஒரு கைதான், இடுப்பில் அடுப்பை இடுக்கியிருந்தாள். அவள் திரையைப் பார்த்தாள், பிறகு தெருவில் நனைந்து நிற்பவர்களைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்களுக்காக வூட்டையே வுட்டுட்டு மழையில நிக்கிறீங்களே, நீங்க நல்லா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, விரித்த கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.