இர்வானின் கால்

காருக்குள் யாரும் இல்லை. இன்ஜின் ஓடவில்லை, சாவி மட்டும் திருகியிருந்தது. ஆனாலும் மடிக்கணினித் திரையில் ஆக்சிலேட்டர் மிதியின் கோடு மூன்று முறை மெல்ல எழும்பி, மூன்று முறை இறங்கியது.

லோகேஸ்வரி வாய்வரை கொண்டுபோன கோப்பிக் குவளையை அப்படியே மேசையில் வைத்தாள்.

மலையடி ஊரான ஆயர் ஈத்தாமில் பதினேழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் காலடியில் இருந்தது அவளுடைய பட்டறை. மாலை ஆறரை. மலையிலிருந்து இறங்கிய மழை மூன்று மணியிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. சாரல் அடிக்காமலிருக்க ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருந்தாள். மீதிப் பாதி வழியாக ஈரத்தாரின் நெடியும், எதிர்ச்சாரி லக்சா நூடுல்ஸ் கடையின் மீன் வாடையும், சாக்கடையில் தண்ணீர் புரளும் சத்தமும் உள்ளே வந்து, பெட்ரோலும் ரப்பரும் ஊறிய பட்டறைக் காற்றோடு கலந்து நின்றன. மூலையில் காற்றழுத்த இயந்திரம் அவ்வப்போது பெருமூச்சு விட்டது. நடுவில் அந்த நீல நிற, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார், தரையோடு தரையாகக் கிடந்தது.

சென்சாரில் ஈரம் இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் இதெல்லாம் சகஜம். அவள் ஒயரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி சொருகினாள்.

கோடு அசையாமல் கிடந்தது. பத்து நொடி. இருபது நொடி.

மூன்று தட்டல்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். மிதி சும்மாதான் இருந்தது. விரலால் தொட்டாள். மழைக்குளிரில் சில்லிட்டுக் கிடந்த காருக்குள் அந்த ரப்பர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ காலை எடுத்ததைப் போல.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பத்து வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. காரின் மூளை என்று சொல்கிற இசியூ பெட்டிக்குள் புகுந்து, எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று, எந்த நேரத்தில் தீப்பொறி என்று கம்பெனிக்காரன் எழுதிவைத்த கணக்கை அழித்துத் தன் கணக்கை எழுதுவது. ரீமேப். எழுதுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படித்துச் சேமித்துவிட வேண்டும். அது இந்தத் தொழிலின் முதல் பாடம். இவ்வளவு வருடப் பழக்கத்தில் அவளுக்கு இன்னொன்றும் வந்திருந்தது. மிதியின் கோட்டைப் பார்த்தே ஓட்டுவது யாரென்று சொல்லிவிடுவாள். கையெழுத்து மாதிரிதான் அதுவும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு தினுசு உண்டு.

வளைவுக்கு முன்னால் மூன்று தட்டுத் தட்டுகிற கால் ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அந்தக் காலுக்குரிய வாடிக்கையாளன் இர்வான் போன டிசம்பரில், பாலிக் பூலாவ் மலைச்சாலையில், சுவரில் மோதிச் செத்துப்போனான்.

காலையில் இந்தக் காரைக் கொண்டுவந்து விட்டவர் சிக்கந்தர். டவுனில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர், வாய் ஓயாதவர்.

"தங்கச்சி, எங்க கடை மீ கோரெங் சட்டிகூட இதைவிட நல்லா சத்தம் போடும். இர்வான் காடி ஒரு போக்கு போகுமே, அந்த மாதிரி வேணும்."

"ஒவ்வொரு காடிக்கும் ஒரு ஃபைல்ணே. அவன்து வேற."

"ஒரே மாடல்தானே லா? அவன்தான் செத்தான், ஃபைலுமா செத்துப்போச்சு?"

சாகவில்லை. அவளிடம்தான் இருந்தது.

அது எப்படி அவளிடம் வந்தது என்பது கணவன் கோகுலனுக்குக்கூடத் தெரியாது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒருசேர மிதித்தால் இன்ஜின் தானாக அடங்கிப்போகும். இப்போதைய கார்களில் அப்படி ஒரு பாதுகாப்பு உண்டு. பந்தயக்காரர்களுக்கு அது இடைஞ்சல். இர்வான் கேட்டான், அவள் அதை எடுத்துவிட்டாள். பதினோரு நாள் கழித்து அவன் செத்தான். மறுநாள் காலை, ஆய்வாளர் வருவதற்கு முன், நொறுங்கிய கார் கிடந்த போலீஸ் யார்டுக்கு அவள் மடிக்கணினியோடு போனாள். காவலுக்கு இருந்தவரிடம் தன் சாமான் ஒன்றைக் கழற்ற வேண்டும் என்றாள். பத்தே நிமிடம். கம்பெனிக் கணக்கைத் திரும்ப எழுதிவிட்டு வந்தாள். ஆய்வறிக்கையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

ஆனால் பழக்கம் விடவில்லை. எழுதுவதற்கு முன் படித்துச் சேமித்திருந்தாள். கணக்கு மட்டுமல்ல; ஓட்டுகிறவனின் காலைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெட்டி கற்றுவைத்திருந்த அத்தனையும்.

இன்று சிக்கந்தரின் காரில் கணக்கை மட்டும் எழுதப் பார்த்தபோது இரண்டு முறை பாதியில் நின்றுபோனது. சிக்கந்தர் கேட்ட வேகத்தோடு முழுதாக எழுத அவள் கைவசம் இருந்தது இர்வானின் அந்த ஒரு ஃபைல்தான். பாதுகாப்பைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினாள். அடைப்பு ஏதும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

ஷட்டருக்கு அடியில் குனிந்து கோகுலன் உள்ளே வந்தான். தலையெல்லாம் ஈரம், கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்.

"என்னா லோகா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? முடிஞ்சதா?"

"முடிஞ்சது."

"அப்ப நான் ஒரு ரவுண்டு போயி லாக் எடுத்துட்டு வந்துர்றேன். மலைப்பக்கம்."

"வேணாங்க. மழையா இருக்கு."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு சிக்கந்தர் பாய் வாசல்ல நிப்பாரு. அவரு வாய்க்கு நீ பதில் சொல்றியா?"

சொல்லியிருக்கலாம். இது யார் ஃபைல் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் எப்படிக் கிடைத்தது என்று கேட்பான். யார்டைச் சொல்ல வேண்டும். பாதுகாப்பை எடுத்ததைச் சொல்ல வேண்டும்.

"பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் ஷட்டரை ஏற்றிவிட, கார் உறுமலோடு மழைக்குள் இறங்கியது. மறுபடி அதைப் பாதிக்கு இறக்கினாள்.

லாக் என்பது, ஓடுகிற காரிலிருந்து ஒவ்வொரு நொடியும் அவள் திரைக்கு வந்து பதிவாகும் விவரம். அதற்கென்று ஒரு சிம் கார்டு பெட்டி. வேகம், மிதி, பிரேக், வரைபடத்தில் ஒரு புள்ளி. கோகுலனின் கால் அவளுக்குத் தெரியும். அவசரமே இல்லாத கால், ஊஞ்சலை உந்துகிற மாதிரி. அந்த நீலக்கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் சோறு தின்றாள். சம்பல் காரம் தொண்டையில் நின்றது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி மழையில் நனைந்து, தேய்ந்து வந்து சேர்ந்தது.

மலையேற்றத்துக்கு முன் வரும் பாயா தெருபோங்கின் கடைசி விளக்கைத் தாண்டியதும் முதல் வளைவு.

மூன்று தட்டல்.

சோற்றுக் கை அந்தரத்தில் நின்றது.

அடுத்த வளைவு. மூன்று தட்டல்.

கையைக்கூடக் கழுவாமல் பழைய பதிவுகளைத் தேடினாள். இர்வான் செத்த அன்றும் இதே மாதிரி லாக் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சிவப்புக் கோடாகத் திறந்து, கோகுலனின் நீலத்தின் மேல் வைத்தாள்.

சிவப்பு தெரியவில்லை.

திரை பழுது என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். இருந்தது. நீலத்துக்கு அடியில், மயிரிழை பிசகாமல் இருந்தது. முதல் வளைவிலிருந்து ஒவ்வொரு ஏற்றமும், ஒவ்வொரு இறக்கமும். இரண்டு மனிதர்களின் கால்கள் இப்படி ஒத்துப்போகாது. ஒரே மனிதனின் கால்கூட இரண்டு நாள் ஒத்துப்போகாது.

சிவப்பு இருபத்துமூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடியில், சுவரில் மோதிய இடத்தில், முடிந்தது. நீலம் இருபத்திரண்டரையில் ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணெய்க் கையோடு போன் போட்டாள்.

"கோகுல், காடிய ஓரமா நிறுத்துங்க."

"ஏன் லோகா? சூப்பரா போவுது லா. நான் மிதிக்கவே வேணாம் போலருக்கு."

"நிறுத்துங்க."

"இரு, இந்த வளைவத் தாண்டிட்டு..." பேச்சு அறுந்தது. இன்ஜின் சத்தம் ஏறியது. "ஏ. கால எடுத்துட்டேன். லோகா, நான் கால எடுத்துட்டேன்."

திரையில் மிதி அறுபத்தொரு சதவீதம். எழுபத்துநான்கு.

"பிரேக்க மிதிங்க."

"மிதிச்சிட்டுதான் இருக்கேன். அடங்க மாட்டுது."

"நியூட்ரல்ல தள்ளுங்க. ஆஃப் பண்ணுங்க."

"எதுவும் கேக்க மாட்டுது. பிரேக் போட்டா இன்ஜின் அடங்கணும்ல? ஏன் அடங்கல?"

அவள் கண் திரையின் ஓரத்தில் ஓடிய நொடிகளுக்குப் போனது.

"லோகா. ஏன் அடங்கல?"

இருபத்துமூன்று பத்து. பதினொன்று.

"நான்தான் எடுத்தேன்." குரல் யாருடையதோ போல் வந்தது. "இர்வான் கேட்டான், எடுத்துட்டேன். அதனாலதான் செத்தான். மறுநா யார்டுக்குப் போயி, யாருக்கும் தெரியாம பழசு மாதிரி மாத்திட்டேன். இது அவன் ஃபைல். என்னை மன்னிச்சிருங்க. நான்தான்."

இருபத்துமூன்று முப்பது. மிதி நூறு. பிரேக் நூறு. டயர் கதறுவது போனில் கேட்டது.

முப்பத்தைந்து.

முப்பத்தெட்டு.

மிதி பூஜ்யத்துக்கு இறங்கியது.

சட்டென்று அல்ல. நிதானமாக, சொல்ல வந்ததைக் கேட்டு முடித்துவிட்டுக் காலை எடுப்பது போல. வேகம் விழுந்தது. நாற்பத்தொன்றில் சிவப்பு முடிந்தது. நீலம் தாண்டிப் போனது. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. கார் நின்றிருந்தது.

லோகேஸ்வரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கோகுல்? கோகுல், இறங்குங்க. காடிய விட்டுட்டு இறங்குங்க. நான் வர்றேன்."

போன் துண்டிக்கப்படவில்லை. வைப்பர் போய்வரும் சத்தம். இண்டிகேட்டரின் டிக், டிக். கூரையில் மழை.

பிறகு கோகுலனின் குரல். தாழ்ந்து, மரியாதையாக. அவளிடம் பேசவில்லை அவன்.

"ம்ம்... ஆமா." வைப்பர் ஒருமுறை போய்வந்தது. "இல்ல, வீட்டுக்குப் போகல. பட்டறையிலதான் இருக்கா."

போன் அறுந்தது.

வரைபடத்தில் புள்ளி திரும்பியது. மலையை விட்டு இறங்கத் தொடங்கியது. மிதியின் கோட்டைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, பார்த்தாள். ஊஞ்சலை உந்துகிற கால் அதில் எங்கேயும் இல்லை.

பின்கதவு இருந்தது. அதைத் திறந்தால் படிக்கட்டு, படிக்கட்டில் ஏறினால் ஆட்கள், டிவி சத்தம், வெளிச்சம். இரண்டு அடி எடுத்து வைத்தாள். கோகுலன் அந்தக் காருக்குள் இருந்தான். அவனை விட்டுவிட்டு எந்த மாடிக்கு ஏறுவது? திரும்பத் திரும்ப அவன் எண்ணை அழுத்தினாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

பாயா தெருபோங். சந்தை முனை. வட்டச்சாலை.

காற்றழுத்த இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. லக்சா கடை மூடியிருந்தது. தெருவில் சத்தமே இல்லை, மழையைத் தவிர.

புள்ளி அவளிடம் வந்து நின்றது.

ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் புகுந்து, ஈரச் சிமெண்டில் ஓடி, அவள் பாதத்தைத் தொட்டது. இன்ஜின் சத்தம் இல்லை. அவள் ஷட்டரின் அடியில் கைவைத்துத் தூக்கினாள். இரும்பு கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போனது.

கார் வாசலில் நின்றது. கீறல்கூட இல்லை.

கோகுலன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். பயணி இருக்கையில். பெல்ட் போட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, பெரிய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்த பையன் மாதிரி.

வலப்பக்க இருக்கை காலி.

காலிதான். ஆனால் அதன் தோல் அமுங்கியிருந்தது.

"கோகுல்" என்றாள்.

அவன் திரும்பி அந்தக் காலி இருக்கையைப் பார்த்தான். எதையோ கேட்டுக்கொண்டான். தலையாட்டினான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினான். மழை அவன் முகத்தில், திறந்த கண்களுக்குள் நேராக விழுந்தது. இமைகள் அசையவில்லை.

கதவை முழுக்கத் திறந்து, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். பிறகு குனிந்து, பயணி இருக்கையின் பெல்ட்டை நீளமாக வெளியே இழுத்து, அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான்.