படியேறும் பார்வை

அந்தப் பழைய கட்டடத்தின் மேல்மாடியில் வீடியோ கேம் கம்பெனி இருந்தது. தம்பியின் சாவுக்குப் பிறகு அன்று மதியம்தான் அவள் வேலைக்குத் திரும்பினாள். விளையாடுகிறவரின் கண்ணுக்குத் திரையில் எது எப்படித் தெரிய வேண்டும் என்று அமைப்பது அவள் வேலை. ஆபீசில் கேமராக்காரி என்பார்கள்.

பையை வைப்பதற்குள் மேலாளர் வந்து நின்றார். படியேறும்போது பார்வை குலுங்குவது விளையாடிப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். தலை சுற்றுகிறதாம். எடுத்துவிட வேண்டுமாம்.

அவள் பையைத் தொப்பென்று மேசையில் போட்டாள்.

அந்தக் குலுங்கல் தம்பியுடையது. நிஜம்போல் இருக்க வேண்டுமென்று அவன் நெற்றியில் கேமராவைக் கட்டி, இதே கட்டடத்தின் பின்படியில் ஓடவிட்டவர் இந்த மேலாளர்தான். மழையில் படி வழுக்கியது. இன்னொரு நாள் எடுக்கலாமே என்று அவள் கெஞ்சியும் கேட்கவில்லை. தம்பி விழுந்தான், எழவில்லை.

"நிஜம் வேணும்னு குதிச்சது நீங்கதானே சார்?"

"விளையாடறவங்களுக்குப் பிடிச்சதைத்தானேம்மா குடுக்கணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பி ஓடிய பதிவை விளையாட்டிலிருந்து அழித்தாள். ஓட்டிப் பார்த்தாள்.

பார்வை குலுங்கியது.

மறுபடி அழித்தாள். குலுங்கியது. கூடவே, யாரும் சேர்க்காத மூச்சிரைப்பு.

வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறாள் என்று மேலாளர் எரிந்து விழுந்தார். அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார்.

திரையில் இருண்ட படிக்கட்டு. அறைக்குள் ஈரச் சிமெண்டு வாடை கனத்தது. அவர் பொத்தான்களிலிருந்து கையை எடுத்துவிட்டார். பார்வை நிற்கவில்லை. தானாக ஏறியது.

பிறகு மெல்லக் குனிந்தது.

இரண்டு கால்கள்.

அந்த விளையாட்டில் கம்பெனியில் யாரும் கால்களை வரைந்ததே இல்லை.

"அணைச்சிடும்மா," என்றார் மேலாளர்.

அவள் ஒயரையே பிடுங்கினாள். திரை கறுத்தது.

"அணைச்சிடு..."

"அணைச்சாச்சு சார்."

"அப்போ நான் ஏன் இன்னும் ஏறிட்டே இருக்கேன்?"

நாற்காலியில் அசையாமல்தான் இருந்தார். ஆனால் வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு விம்மி விம்மித் தணிந்தது. தோளைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அவளுக்குக் கை எழவில்லை.

"ஏறுங்க," என்றாள்.

அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

விளையாட்டு விற்பனைக்கு வந்தது. பார்வை துளியும் குலுங்கவில்லை. வாங்கியவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. ஒரே ஒரு புகார்தான் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

படியேறும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ "அக்கா, அக்கா" என்று கூப்பிடுகிறார்களாம்.