பக்கத்துக் குழி

இரவு வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தள்ளியபோது, புது மெத்தையின் சுவரோரப் பாதியில் ஒரு குழி விழுந்திருப்பதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக, பிசைந்து மூடிவைத்த மாவு உப்புவதுபோல, மேலெழும்பிச் சமமாயிற்று. விரிப்பில் ஒரு சுருக்கம் மட்டும் மிச்சமிருந்தது. அவள் படுப்பது ஜன்னலோரப் பாதியில். சுவரோரத்தில் படுக்க வீட்டில் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. விடிய விடிய யார் யாருடைய ரத்தத்தையோ சின்னக் குழாய்களில் சுழலவிட்டுவிட்டு, ஊரே வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, கனத்த திரையை இழுத்துவிட்டுப் படுப்பாள். கணவர் இருந்தவரை, அவள் உள்ளே வரும்போதுதான் அவர் வெளியே கிளம்புவார். அவர் எழுந்துபோன சூடு படுக்கையில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதில் கையை வைத்துக்கொண்டே தூங்கிப் பழகியவள் அவள். போன வருஷம் ஒரு நாள், வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பழைய பஞ்சு மெத்தையைத் தூக்கிப்போட வைத்தது அக்காதான். "அதுல அவர் படுத்த பள்ளம் அப்படியே இருக்கு. அதையே பார்த்துக்கிட்டு எத்தனை நாள்டீ கிடப்ப?" என்று கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துப்போனாள்.

கடைக்காரர் நல்ல வாய்க்காரர். "மேடம் எப்படித் தூங்குவீங்க?" என்று கேட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு."

அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

"அது இல்ல மேடம். ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ள போகணும், அப்பதான் முதுகு நேரா நிக்கும். மல்லாந்து படுத்தா நடுத்தரமா இருக்கணும். குப்புறப் படுக்கிறவங்களுக்குக் கெட்டிதான் லாயக்கு, இல்லன்னா வயிறு அமுங்கி இடுப்பு போயிடும். ஆளைப் பார்த்துத்தான் மெத்தை."

"இவ ஒருக்களிச்சுதான். சின்ன வயசுலேர்ந்தே சுவத்தைப் பார்த்த மாதிரி படுப்பா" என்றாள் அக்கா.

"அப்ப இந்த மெமரி ஃபோம்தான். உடம்புச் சூட்டுக்கு இளகிக்கொடுக்கும். எழுந்ததும் நாலு மூச்சு விடறதுக்குள்ள பழையபடி ஆயிடும். முக்கியமா, பக்கத்துல ஒருத்தர் புரண்டாலும் எழுந்தாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"நல்லதாப் போச்சு" என்று ஆரம்பித்த அக்கா, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

குழி மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். அவள் கடைக்குப் போன் செய்தாள்.

"அமுங்கியே கிடக்குதா மேடம்?"

"இல்ல. நான் உள்ள வரும்போது அமுங்கியிருக்கு. அப்புறம் மேல வந்துடுது."

"அப்ப மெத்தையில குறையே இல்ல. யாரோ அப்பதான் எழுந்து போயிருப்பாங்க."

"வீட்ல நான் மட்டும்தான்."

அந்தப் பக்கம் யாரோ கட்டில் சட்டத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. "பூனை கீனை வருதான்னு பாருங்க மேடம்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவள் உள்ளே வந்ததும் குனிந்து அதைப் பார்க்கத் தொடங்கினாள். தோள் இறங்கிய இடம் ஆழமாக இருந்தது, இடுப்பு இறங்கிய இடமும். முழங்கால்கள் மார்பை நோக்கி மடங்கியிருந்தன. ஒருக்களித்துச் சுருண்டு படுத்த உடம்பு. அவரும் அப்படித்தான் படுப்பார். அவளுக்குப் பயமாக இல்லை. சந்தோஷமாகவும் இல்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, சமமாகிவிட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியின் தட்டு மாதிரி சில்லென்றிருந்தது. அவர் எழுந்துபோன இடம் எப்போதும் சூடாகத்தானே இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது.

நாள் போகப் போக அந்தக் குழி சுவரை விட்டுத் தள்ளி வந்தது. அவள் நகரவில்லை.

ஒரு நாள் விடிகாலையில், வேலை முடிந்து கிளம்பும்போது அக்காவிடம் போனில் சொன்னாள். "அக்கா, அவர் தினமும் வந்து படுத்துட்டுப் போறாரு."

அக்கா குரலைத் தாழ்த்தி, "நீ பார்த்தியா?" என்றாள்.

"குழியைப் பார்த்தேன்."

"இன்னைக்கு மத்தியானம் நான் வர்றேன். ரெண்டு துணியை எடுத்து வை, நம்ம வீட்டுக்குப் போயிடலாம். அதுவரைக்கும் அந்த ரூமுக்குள்ள போகாதடீ. கேக்குதா?"

"கேக்குது."

ஆனால் வீட்டுக்கு வந்ததும் தூக்கம் கண்ணை இழுத்தது. துணி எடுக்கப் படுக்கையறைக்குள் போனாள். திரை மூடியிருந்தது. அடித்தளத்தில் தண்ணீர் மோட்டார் ஓடும் உறுமல் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. புது மெத்தையின் ரப்பர் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, ரொம்ப நாள் திறக்காத பெட்டியின் வாசனை. குழி அவளுடைய இடத்தை ஒட்டியே கிடந்தது. இன்று அது சுருண்டிருக்கவில்லை. நீண்டு, கட்டிலின் கால்மாடு விளிம்புவரை போயிருந்தது. அவர் அவ்வளவு உயரமில்லை.

அது மேலெழும்பட்டும் என்று நின்றாள். மூச்சு விட்டாள். மறுபடி விட்டாள். குழி அப்படியே இருந்தது.

இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. வெளியே ஓட வேண்டும் என்பதும் புரிந்தது. யாரோ அடுத்த அறையில் பேசிக்கொள்வதுபோலத் தூரத்தில் புரிந்தது. அவராக இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் இருக்கட்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கால்களை மேலே தூக்கினாள். குழிக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்தாள்.

மெத்தை அசையவே இல்லை. அவள் தூங்கிப்போனாள்.

விழித்தபோது மல்லாந்து கிடந்தாள்.

அவள் மல்லாந்து படுப்பதே இல்லை.

தலையணை எங்கோ நழுவியிருந்தது. மோட்டார் நின்றிருந்தது. திரையின் இடுக்கில் மத்தியான வெயில் ஒரு கோடாக விட்டத்தில் விழுந்திருந்தது. அவளுக்கும் விட்டத்துக்கும் நடுவில் எதுவும் இல்லை. வெறும் காற்று.

வாசல் மணி அடித்தது. "ஏய், கதவைத் திற! நான்தான்" என்று அக்காவின் குரல்.

எழுந்திருக்க நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை. விரல்கூட மடங்கவில்லை. கண்ணை மட்டும் உருட்ட முடிந்தது.

வலப்பக்கம். காதுக்கு அருகே. விரிப்பு உள்ளே அமுங்கியிருந்தது. சின்னக் குழி. உள்ளங்கை அளவு. அதிலிருந்து பிரிந்த ஐந்து நீளமான பள்ளங்கள்.

இடப்பக்கமும்.

இடுப்பின் இருபுறமும், முழங்கால் ஊன்றுகிற இடத்தில், இரண்டு ஆழமான குழிகள். அவற்றின் சரிவில் அவள் தொடைகள் லேசாகச் சாய்ந்திருந்தன.

பக்கத்தில் படுத்திருந்தது இப்போது பக்கத்தில் இல்லை.

மணி விடாமல் அடித்தது. அக்கா கதவைத் தட்டினாள், பெயர் சொல்லிக் கத்தினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளுக்குள் ஏதோ ஒன்று ஊசியாய் உறைத்தது. பயம். அது சத்தமாக மாறத் தெரியாமல் உள்ளேயே நின்றது.

விட்டத்தைப் பார்த்தாள். வெயில் கோடு. காற்று. முகத்தில் ஒரு மூச்சுகூடப் படவில்லை.

அப்போது வலப்பக்கத்துக் குழி அசைந்தது.

விரல் பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேலெழும்பின. பிறகு உள்ளங்கைப் பள்ளம். மெதுவாக. சமமாயிற்று. விரிப்பில் ஒரு சுருக்கம் மட்டும்.

மற்ற மூன்றும் இன்னும் அமுங்கியே இருந்தன.

எடுத்த கை எங்கே வந்து இறங்கும் என்று, இமைக்காமல், அவள் காத்துக்கிடந்தாள்.